ரீச்சரின் பள்ளிக்கூடச் சீலைகள்: பழைய உடுப்பில் புது உடுப்பு தைத்த ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

பழைய சீலையில் சட்டை தைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தைத்து முடித்த அன்றைய உடுப்பைத்தான் காட்டுவார்கள். அந்த உடுப்பு நாலு மாதம் தோய்த்து உடுத்த பிறகு எப்படி இருந்தது என்று சொல்கிறவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் தையல் வகுப்பு நடத்துபவள் என்ற முறையில், ஒரு வீட்டில் தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு மேலாக நடந்ததைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரரின் சம்மதத்துடன் அதை எழுதுகிறேன். பெயர்கள் இல்லை.

பின்னணி

கோண்டாவில் பக்கத்தில் உள்ள வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவருடைய மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள். 2022இல் மூத்தவளுக்கு 13 வயது, இளையவளுக்கு 8, கடைசிப் பொடியனுக்கு 5. மருமகனுக்கு ஒரு தனியார் இடத்தில் கணக்கு வேலை. மகள் வீட்டோடு இருப்பவர். கலியாணத்துக்குக் கொடுத்த கால்மெசினில் தலையணை உறை தைப்பார், சாரம் மூட்டுவார். அதற்கு மேல் தையல் பழகியவர் அல்லர்.

நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த அந்த ஆண்டு எப்படிப் போனது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அரிசி, பால்மா, மண்ணெண்ணெய் என்று பார்த்துப் பார்த்துச் செலவழித்த வீட்டில் முதலில் வெட்டு விழுந்தது உடுப்பில்தான். சித்திரைப் பிறப்புக்கு யாருக்கும் புது உடுப்பு இல்லை. பிள்ளைகள் வளர்வது மட்டும் நிற்கவில்லை. ஆவணியில் நல்லூர்த் திருவிழா வருகிறது, 25 நாளில் நாலைந்து நாளாவது போவார்கள், மூன்று பிள்ளைகளுக்கும் போட்டுக்கொண்டு போக ஒன்றும் அளவில்லை.

வீட்டில் துணிக்குக் குறைவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் முக்கியமான விடயம். ரீச்சர் முப்பது ஆண்டுக்கு மேல் படிப்பித்தவர். இலங்கையில் ஆசிரியைகள் நாளாந்தம் சீலைதான் உடுத்துகிறார்கள். அவரிடம் ஒரு அலுமாரி நிறையக் கைத்தறிப் பருத்திச் சீலைகள் இருந்தன, எல்லாம் உடுத்துத் தேய்ந்தவை. மருமகனின் பழைய சேட்டுகளும் நீளக் காற்சட்டைகளும் ஒரு பெட்டியில் கிடந்தன. கால்மெசினுக்கு மின்சாரமும் வேண்டாம். ஆகவே, தைக்கலாம் என்று மகள் முடிவெடுத்தது நியாயமானது.

முதலில் தைத்த சட்டை

மே மாதத்தில் இளையவளுக்கு ஒரு சட்டை தைத்தார். பச்சைக் கைத்தறிச் சீலை, மஞ்சள் கரை. தலைப்புத்தான் வடிவாக இருக்கிறதென்று தலைப்பிலிருந்தே வெட்டினார். பிள்ளையின் பழைய சட்டையை மேலே வைத்துச் சுற்றிவர ஒரு அங்குலம் கூட்டி அளவு எடுத்தார். கரை கீழ் விளிம்பில் வரும்படி வைத்தார். பார்வைக்கு நல்ல சட்டை. பிள்ளை கழற்ற மாட்டேன் என்று அழுததாம்.

இரண்டு தரம் தோய்த்ததும் இரண்டு கைக்குழியும் கிழிந்துவிட்டன. தையல் அவிழவில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே கிழிந்திருந்தது. அதைத் திரும்ப அடித்தார். அடித்த இடத்துக்கு அரை அங்குலம் உள்ளே மறுபடி கிழிந்தது. அந்த நிலையில்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

“அக்கா, நான் தைச்சது பிழையோ, துணி பிழையோ எண்டு தெரியேல்லை. அம்மான்ர மிச்சச் சீலையையும் வெட்டிப் பழுதாக்கப் பயமாக் கிடக்கு.”

சரியான கேள்வி அது. அலுமாரியில் கிடக்கும் சீலையில் எத்தனையை வெட்டுவது என்பது அதற்குக் கிடைக்கும் பதிலில் இருந்தது.

துணியில் கண்டவை

அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலை வெயில் விழும் யன்னலுக்கு முன்னால் இரண்டு பேர் நின்று ஒவ்வொரு சீலையாக விரித்துப் பிடித்தோம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேய்ந்த துணி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லாத இடத்தில்கூட நூல் விலகிச் சல்லடையாக இருப்பது தெரியும். அப்படித் தெரிந்த இடங்களைச் சோக்கால் வட்டம் போட்டோம். மற்ற இடங்களில் இரண்டு பெருவிரலையும் கிட்ட வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெதுவாக இழுத்துப் பார்த்தோம். நல்ல துணி இழுவைக்கு நின்று திரும்பும். ஓய்ந்த துணி ஒரு மெல்லிய நெறுநெறுப்புடன் பிரியும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த இடத்தை உடுப்புக்கு எடுக்கக் கூடாது.

சீலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. இதுதான் மகளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. தலைப்பு, தோளில் நாளாந்தம் பின் குத்தப்பட்ட இடம், அதிலிருந்து முதுகுப்பக்கம் தொங்கும் பகுதி: வெயில், வியர்வை, பின் மூன்றும் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றிருந்தன. ரீச்சர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர், அடிக்கரை முழுவதும் உரசல். கதிரையில் இருக்கும் பின்பக்கம் வட்டமாக மெலிந்திருந்தது. கொய்யகத்தின் மடிப்பு விளிம்புகள் கோடு கோடாக வெளுத்திருந்தன. ஆனால் இடுப்பில் முதலில் செருகும் உள்சுற்று, அதிலும் மேல் பாதி, வெயிலையே காணாத துணி. கொய்யகத்தின் மேல் பகுதியும் அப்படித்தான். ஐந்தரை மீற்றர் சீலையில் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நம்பி வெட்டக்கூடிய துணி தேறியது. சிலதில் அதுவும் இல்லை.

கிழிந்த சட்டை தலைப்பிலிருந்து வெட்டப்பட்டது. சீலையின் ஆகப் பலவீனமான பகுதி, சட்டையில் ஆகக் கூடுதலான இழுவை விழும் தோளுக்கும் கைக்குழிக்கும் போயிருக்கிறது.

இன்னும் சிலவும் சேர்ந்திருந்தன. சீலையில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் குறுக்காக. கரையைச் சட்டையின் கீழ் விளிம்பாக வைத்தால் தோளிலிருந்து தொங்கும் பாரம் முழுவதையும் ஊடைதான் தாங்கவேண்டும். இந்தப் பச்சைச் சீலையில் ஊடைதான் முதலில் ஓய்ந்திருந்தது. மெசினில் 16ஆம் இலக்க ஊசி கிடந்தது. பள்ளிக்கூடப் பை தைத்தபோது போட்டதை மாற்றவில்லை. அந்தத் தடித்த ஊசியால் அங்குலத்துக்கு 14, 15 தையல் விழும்படி நெருக்கமாக அடித்திருந்தார். பலமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். ஆனால் ஓய்ந்த துணியில் நெருக்கமான தையல் என்பது முத்திரைத் தாளில் குத்தும் ஓட்டை வரிசைதான், இழுத்தால் அந்த வரிசையிலேயே கிழியும். நூலும் பொலியெஸ்ரர். துணியை விட நூல் பலமாக இருந்தால் இழுவையில் அறுவது நூல் அல்ல, துணி.

தோய்க்கும் முறையையும் கேட்டேன். கல்லில் அடித்துத்தான் தோய்க்கிறார்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் தண்ணீர், சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் போடுவோம், அது முழுதாகப் போகாமல் துணியில் படிந்து விறைக்கும். விறைத்த துணியைக் கல்லில் அடித்தால் நூல் முறியும். புதுத் துணி இதைச் சில வருடம் தாங்கும். முப்பது வருடம் தோய்த்த துணி தாங்காது. யாழ்ப்பாணத்தில் பழந்துணியில் தைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விடுவது

எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரித்தோம். உடுப்புக்கு வெட்டக்கூடியவை, உறையும் பிடிதுணியும் தைக்கக்கூடியவை, நிலம் துடைக்கவே சரியானவை. மூன்றாவது குவியல்தான் பெரிதாக வந்தது. மகளுக்கு அது மனக்கஷ்டமாக இருந்தது, ரீச்சருக்கு அதைவிடக் கூடுதலாக. ஒரு ஊதாச் சீலையை மூன்றாவதிலிருந்து எடுத்து முதலாவதில் வைத்தார். நான் எடுத்து இழுத்துக் காட்டினேன். பேசாமல் திரும்ப வைத்தார்.

அப்புறம் அவர் உள்ளே போய்த் தன் கூறையை, கலியாணத்துக்குக் கட்டிய பட்டுச் சீலையை, கொண்டுவந்தார்.

மூத்தவள் பெரியபிள்ளையாகி ஒரு வருடம்தான், திருவிழாவுக்குப் பாவாடை தாவணி கட்டவேண்டும், கூறையில் பாவாடை தைத்தால் தன் கையால் கொடுத்ததாக இருக்கும் என்றார். வீட்டில் ஒருவருமே அதை எதிர்பார்க்கவில்லை. மகள் வேண்டாம் என்றார். கூறையை வெட்டுவது சரியில்லை என்பது அவருடைய எண்ணம். ரீச்சர் விடவில்லை. “பெட்டிக்குள்ள கிடந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?”

என் முடிவைக் கேட்டார்கள். விரித்துப் பார்த்தேன். 1970களின் பட்டு, வெளியில் பார்க்கப் புதிது மாதிரி. ஆனால் பல வருடமாக ஒரே மடிப்பில் கிடந்த சீலை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிச்சத்தில் கீறலாகத் தெரிந்தது. பட்டு இழை வெளிச்சத்துக்கும் வியர்வைக்கும் பருத்தியை விட வேகமாக ஓயும். சரிகை இழை விறைப்பானது, மடிப்பில் பக்கத்துப் பட்டிழையை அறுத்துக்கொண்டே இருக்கும். கொய்து தைத்த பாவாடை இடுப்பில் நூற்றுக்கணக்கான ஊசிக் குத்துகளைத் தாங்க வேண்டும், அதுவும் இந்தக் கீறல்களுக்கு நடுவே. திருவிழாவில் ஒரு நாள் நின்றாலும் இரண்டாம் நாள் நிற்காது. அதோடு, பருத்திச் சீலையைப் பிழையாக வெட்டினால் அடுத்ததை எடுக்கலாம், கூறை ஒன்றுதான்.

வெட்டவில்லை. பழைய பருத்தித் துணியை இடையில் வைத்து, பழைய மடிப்பில் இல்லாமல் வேறு இடத்தில் மடித்து, சில மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றச் சொன்னேன். ரீச்சருக்குத் திருப்தியில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். பழையதைப் புதிதாக்கும் வேலையில் எதை வெட்டாமல் விடுவது என்பதும் ஒரு முடிவு, அதற்கும் துணியைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மூத்தவளின் மறுப்பு

மூத்தவள் இதெல்லாம் நடந்தபோது பக்கத்து அறையில் இருந்தாள். அவளுக்கென்று ஒரு நீலச் சீலையைத் தாய் எடுத்து வைத்ததும் வெளியே வந்து, தான் போடமாட்டேன் என்றாள். பழசு என்பதாலா என்று தாய் கோபப்பட்டார். காரணம் அது இல்லை.

“எல்லாருக்கும் தெரியும் இது அம்மம்மான்ர பள்ளிக்கூடச் சீலையெண்டு. என்ர வகுப்புப் பிள்ளையளின்ர அம்மாமார் எல்லாரும் அம்மம்மாட்டப் படிச்ச ஆக்கள்.”

உண்மைதான். ஒரே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் படிப்பித்த ஒருவரின் சீலைகள் ஊருக்கே தெரிந்தவை. இதை அகம்பாவம் என்று தள்ளிவிட முடியாது. 13 வயதுப் பிள்ளை எந்த உடுப்போடு கோயில் வீதியில் நிற்கும் என்பது அவளுக்குப் பெரிய விடயம். விருப்பமில்லாமல் போட்ட உடுப்பு ஒரு நாளோடு அலுமாரிக்குப் போய்விடும், தைத்த நேரமும் சேர்ந்து போய்விடும்.

சாயம் போடலாமா என்று யோசித்தோம். விட்டுவிட்டோம். தேய்ந்த இடமும் தேயாத இடமும் சாயத்தை ஒரே மாதிரிக் குடிக்காது, திட்டுத் திட்டாக வரும், கரையின் நிறமும் கலங்கும். எரிவாயு வரிசையில் நிற்கும் காலத்தில் பெரிய பானையில் மணிக்கணக்காகத் தண்ணீர் கொதிக்க வைப்பதும் நடவாத காரியம்.

கடைசியில் அவளையே அலுமாரிக்கு முன்னால் விட்டோம். அடித்தட்டில், அவள் பிறப்பதற்கு முன்பே ரீச்சர் உடுத்துவதை நிறுத்திய சீலைகள் சில கிடந்தன. கரும்சிவப்பில் மெல்லிய கறுப்புக் கட்டம் போட்ட ஒன்றை எடுத்தாள். அது முதலாவது குவியலிலும் நின்றது. அதில் தாவணி வேண்டாம், நீளப் பாவாடையும் மேலே கடையில் வாங்கிய வெள்ளை மேற்சட்டையும் போதும் என்றாள். அவளிடம் முன்பே அளவான வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. அதையே அவளுடைய முடிவாக எடுத்தோம்.

தைத்த விதம்

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தையல் நடந்தது. தைத்தவர் மகள்தான். நான் வெட்டும்போது பக்கத்தில் இருந்தேன்.

முதலில் ஊசி மாறியது. பருத்திச் சீலைக்கு 11, காற்சட்டைத் துணிக்கு 14. தையல் அங்குலத்துக்கு ஒன்பது அளவில். பருத்திக்குப் பருத்தி நூல். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் அலசினோம், படிந்த சவர்க்காரம் கொஞ்சம் விட்டது. பிறகு மெல்லிய கஞ்சி போட்டுக் காயவைத்து மினுக்கியதும் வழுக்கிக்கொண்டிருந்த சீலை மேசையில் தாள் மாதிரிக் கிடந்தது. மின்சாரம் இல்லாத நேரத்துக்கு ரீச்சர் சிரட்டைக்கரி போட்டு மினுக்கும் இஸ்திரிப் பெட்டியை எங்கிருந்தோ தேடி எடுத்துத் துடைத்துத் தந்தார். 1990இலிருந்து 95 வரை குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல் இருந்தபோது மினுக்கிய பெட்டி.

இளையவளின் சட்டைக்கு மேல் பாகத்தைச் சீலையில் வெட்டவே இல்லை. தோள், கைக்குழி, கழுத்து எல்லாம் தகப்பனின் சேட்டிலிருந்து. சேட்டில் முதலில் போவது கொலர் மடிப்பும் கக்கமும்தான். முதுகுத் துணி பெரும்பாலும் நன்றாக இருக்கும், இதிலும் இருந்தது. சேட்டின் முன் தெறிப்பட்டியை அப்படியே எடுத்துச் சட்டையின் முதுகுத் திறப்பாக வைத்தோம். தெறியும் காதும் ஏற்கெனவே இருந்ததால் ஆகச் சிரமமான வேலை மிச்சம். கீழ்ப்பாகம் அந்தப் பச்சைச் சீலையின் உள்சுற்றிலிருந்து, கொய்து வைத்தது. இரண்டு துணியும் எத்தனையோ தரம் தோய்த்தவை, இனிச் சுருங்க மாட்டா. சீலைத் துணியின் மூட்டுகளை இரட்டை மடிப்பாக, வெட்டு விளிம்பு உள்ளே மறையும்படி அடித்தார். பிரிந்த நூல் வெளியே வராது, இழுவையும் இரண்டு வரிசைக்குப் பகிரும்.

பொடியனின் காற்சட்டை எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெரியவரின் நீளக் காற்சட்டையில் இருக்குமிடமும் முழங்காலும் தேய்ந்திருக்கும், கீழே குதிக்காலில் உரசிய விளிம்பு பிய்ந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே, பிய்ந்த விளிம்புக்கு மேலே உள்ள துண்டு கடையில் வாங்கிய நாளைப்போலவே இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காலுக்கு அந்த ஒரு துண்டு போதும். பக்கத் தையல் தேவையில்லை, நடுவிலும் உள்காலிலும் மூட்டி இடுப்புக்கு இலாஸ்ரிக் போட்டால் முடிந்தது. துண்டின் அகலமான முனை, அதாவது முழங்கால் பக்கம், மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் இருக்கும்போது இறுக்கும். மினுக்கி மினுக்கி நிரந்தரமாகிப்போன முன்மடிப்புக் கோடு போகவே போகாது. அதை நடுவில் வரும்படி வைத்தால் அதுவே ஒழுங்காகத் தெரியும். இரண்டு காற்சட்டையில் இரண்டு உருப்படி கிடைத்தது.

அவிழ்க்கும் வேலை பற்றிச் சொல்ல வேண்டும். மகள் முதலில் சவர அலகால் கீறி இழுத்தார், துணியும் சேர்ந்து கீறுப்பட்டது. ரீச்சர்தான் முறையைக் காட்டினார்: ஒரு பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றை நறுக்கிக்கொண்டு போய், மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்காலத்தில் கணவரின் சேட்டுக் கொலரைத் திருப்பித் தைத்துப் பழகிய கை. மருமகனின் மூன்று சேட்டுக்கு இப்போதும் அவரே அதைச் செய்தார். பட்டியிலிருந்து கொலரைக் கழற்றி, தேய்ந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பி வைத்து, பழைய தையல் தடத்திலேயே அடிப்பது. உடல் பகுதி நன்றாக இருந்து கொலர் மட்டும் போன சேட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வேலை கிடையாது. புது உடுப்பு தைப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுவதில் இந்த வேலை மறந்துபோய்விட்டது.

மூத்தவளின் பாவாடைக்கு உள்ளே முழு லைனிங் வைப்பதென்று முடிவெடுத்தோம். அவள் வேகமாக நடக்கிறவள், மண்ணில் இருந்து எழும்புகிறவள். பாரத்தை லைனிங் தாங்கினால் மேல் துணி பிழைக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கியவற்றில் அந்த வெள்ளைப் பருத்தி லைனிங்தான் பெரிய செலவு. மிச்சம் நூல், ஊசி, இலாஸ்ரிக்.

திருவிழாவும் அதற்குப் பிறகும்

கொடியேற்றத்துக்கு முன் எல்லாம் முடிந்தது. பாவாடை ஆகக் கடைசி. அந்தக் கிழமை மின்வெட்டில் தண்ணி மோட்டர் ஓடாத நேரம் கூடுதல். லைனிங் துணியைத் தோய்த்துக் காயவைக்காமலே மகள் வெட்டித் தைத்துவிட்டார்.

போடுவதற்கு முன் ரீச்சர் ஒவ்வொரு உடுப்பின் மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார். புது உடுப்புக்குத்தானே அம்மா மஞ்சள் என்று மகள் கேட்டதற்கு, இது புதுசுதானே என்றார்.

தேர் அன்று நானும் போயிருந்தேன். மூத்தவள் சிநேகிதிகளோடு நின்றாள். பாவாடையை எங்கே வாங்கினாய் என்று ஒருத்தி கேட்டதாகத் தாய் பிறகு சொன்னார். என்ன பதில் சொன்னாள் என்று தாய்க்குத் தெரியாது.

திருவிழா முடிந்து முதல் தோய்ப்பிலேயே லைனிங் சுருங்கியது. மேல் துணி சுருங்கவில்லை. பாவாடையின் கீழ்ப்பக்கம் உப்பிக்கொண்டு பை மாதிரித் தொங்கியது. விளிம்பை அவிழ்த்து லைனிங்கைத் தனியாக விட்டு, இரண்டுக்கும் வேறு வேறாக மடித்து அடித்ததும் சரியாகியது. துணி கிழியவில்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அவள் அதையே போட்டாள், இடுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து.

இளையவளின் சட்டை அந்த வருடம் முடியும்வரை கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போட்டது. மேல் பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொய்த இடத்துக்குக் கீழே ஒரு இடத்தில் நூல் விலகியது, நாங்கள் வெளிச்சத்தில் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பின் போகட்டும் என்று விட்ட இடம் அது. உள்ளே ஒரு துண்டு வைத்துக் கைத்தையல் போட்டார்கள். 2023 நடுப்பகுதியில் சட்டை அவளுக்குச் சிறிதாகிவிட்டது. பொடியனின் காற்சட்டை இரண்டும் கிழியாமலே அளவில்லாமல் போயின. இலாஸ்ரிக் மட்டும் ஒருக்கால் மாற்றினார்கள். திருப்பித் தைத்த கொலர்கள் இன்னொரு வருடம் ஓடின.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. இரண்டாவது குவியலில் இருந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார்கள். பாதியில் நிற்கிறது. சிறு சிறு துண்டாக ஓய்ந்த துணியை மூட்டும்போது மூட்டுக்கு ஒரு பலவீனம் கூடுகிறது, ஒரு பக்கம் அடிக்க மறுபக்கம் பிரிந்தது. மூத்தவளுக்கென்று தகப்பனின் கோடு போட்ட சேட்டில் தைத்த மேற்சட்டை ஒன்றையும் அவள் போடவில்லை. அவளைக் கேட்காமல் வெட்டியது அது ஒன்றுதான்.

கல்லில் அடிப்பதை நிறுத்தச் சொன்னேன். இந்த உடுப்புகளை மட்டும் வாளியில் ஊறவைத்துக் கசக்கி, நிழலில் காயவிடுகிறார்கள். மற்றவை இன்னும் கல்லில்தான்.

இன்னொரு முறை என்றால்

மகளிடம் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். லைனிங்கை எப்படியும் முதலில் தோய்ப்பேன் என்றார். புதுத் துணியைப் பழையதோடு சேர்ப்பதென்றால் புதியதை இரண்டு தரமாவது தோய்த்துச் சுருங்கவிட்டபின் வெட்ட வேண்டும் என்பது அவருக்கு இப்போது மனப்பாடம். போர்வையைத் தொடங்கியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். சந்தேகப்பட்ட இடத்தை விட்டுவிட்டு வெட்டியிருந்தால் பச்சைச் சட்டையில் கைத்தையல் வந்திருக்காது என்று நான் சேர்த்துக்கொண்டேன். அதற்காகக் கீழ்ப்பாகத்தில் ஒரு கொய்தல் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாங்கள் அலுமாரியைத் திறந்தபோது பெரும்பாலான சீலைகள் உடுப்பாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தன. ரீச்சர் சிக்கனமானவர், ஒவ்வொன்றையும் கடைசிவரை உடுத்தினார். அதனால் ஒவ்வொன்றிலும் மிஞ்சியது கொஞ்சம். இரண்டு வருடம் முந்தி நிறுத்தியிருந்தால் அதே சீலையில் மூன்றரை மீற்றர் நல்ல துணி கிடைத்திருக்கும். கடைசிவரை உடுத்துவதா, முந்தி எடுத்து வேறொன்றாக்குவதா என்பதில் இரண்டுமே சிக்கனம்தான். பிள்ளைகள் வளரும் வீட்டில் இரண்டாவதற்குத்தான் கூடுதல் பயன் என்று நான் இப்போது என் வகுப்பில் சொல்கிறேன்.

நேரத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு காற்சட்டையை அவிழ்த்து, பார்த்து, வெட்டி, தைப்பதற்கு இரண்டு பின்னேரம் போகும். அதே உருப்படியைப் புதுத் துணியில் ஒரு பின்னேரத்தில் தைத்துவிடலாம். கூலிக்குத் தைக்கிறவருக்கு இது கட்டாது. வீட்டில், தன் பிள்ளைக்கு, கைவசம் துணி இருக்கும்போது கட்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் பழந்துணித் தையலைத் தொழிலாக்கலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த வீட்டில் இப்போது மருமகனின் சேட்டுகளை மாதக் கடைசியில் ஒருக்கால் பார்க்கிறார்கள். கொலர் மடிப்பில் நூல் பஞ்சாகத் தொடங்கியதும் ரீச்சர் திருப்பித் தைக்கிறார். திருப்பிய பக்கமும் வெளுக்கத் தொடங்கினால் கிழியும்வரை பார்த்திருக்காமல் மகள் எடுத்து வைத்துவிடுகிறார், உள்ளே ஒரு தாளில் எந்த இடம் நல்லது என்று எழுதி. அப்படி எடுத்து வைத்த இரண்டு சேட்டு இப்போது மெசின் மேசையில் கிடக்கின்றன. இளையவள் இந்த முறை தன் அளவைத் தானே எடுப்பாளாம், கழுத்து எப்படி வேண்டும் என்றும் படம் கீறி வைத்திருக்கிறாள்.